மழைக்கஞ்சி குடித்த உபதேசியார் மனைவி

கம்பங்கஞ்சி, சோளக்கஞ்சி, குதிரைவாலிக் கஞ்சி, யார் வீட்டிலோ முந்தாநாள் மிஞ்சிப்போன வரகுக் கஞ்சி எல்லாம் ஒரே பானையில் கலந்து, பெண்களின் இடுப்பில் வெயிலோடு ஊர் சுற்றி, கண்மாய்க் கரைக்கு வந்து சேரும்போது எழுகிற புளித்த வாடை எனக்கு எட்டு ஒன்பது வயதிலேயே பழக்கமானது. அதன் பெயர் 'மழைக்கஞ்சி'. ஐப்பசி பிறந்தும் மழை இறங்காவிட்டால், ஊர்ப் பெண்கள் வீடு வீடாகப் போய்க் கஞ்சி கேட்டு வாங்கி, கண்மாய்க் கரையில் உட்கார்ந்து கொட்டாங்கச்சியில் முகந்து குடித்துவிட்டு, இனி இந்த ஊரில் பிழைப்பில்லை, பரதேசம் போகிறோம் என்று ஒப்பாரி வைப்பார்கள். பெண்கள் இப்படி அழுவதைப் பொறுக்காமல் வானம் இறங்கிவிடும் என்பது பரளச்சிப் பக்கத்துக் கரிசல் காட்டு நம்பிக்கை.

என் தகப்பனார் அந்த ஊருக்கு உபதேசியார். குருவானவரை எங்கள் சபையில் 'ஐயர்' என்போம். அவர் அருப்புக்கோட்டையிலிருந்து சில மாதங்களுக்கு ஒரு முறை மாட்டு வண்டியில் வந்து போவார். மற்ற நாட்களில் ஓலைக் கூரை போட்ட கோயிலில் செபம் நடத்துவதும், அதே கூரையின் கீழ் பள்ளிக்கூடம் நடத்துவதும், சண்டை போட்டுக்கொண்ட கிறிஸ்தவக் குடும்பங்களைச் சமாதானப்படுத்துவதும் அப்பாவின் வேலை. சபை விதிகள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நான் கல்வித்துறை அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள்; விதிமுறை கேட்டால் தூக்கத்திலும் சொல்வாள் என்று அங்கே எனக்கொரு பெயர் இருந்தது. அது பரம்பரைச் சொத்து. அனுமதி இல்லாமல் கோயில் மணியை ஒரு தட்டு கூடுதலாகத் தட்டவும் அப்பாவுக்குக் கை வராது.

ஐயர் வந்தால் ஞாயிற்றுக்கிழமை, இயேசுவின் கடைசி விருந்தை நினைத்து இராப்போஜனம் உண்டு. அப்பமும் திராட்சை ரசமும் கொடுப்பார். அதற்கு முந்தின நாள் 'ஆயத்த ஆராதனை'. அதில் ஐயர் எல்லோரையும் பாயில் உட்காரவைத்து, சண்டைக்காரரோடு ராசியானீர்களா, சாராயம் தொட்டீர்களா, புறமதச் சடங்குகளில் கலந்துகொண்டீர்களா என்று வரிசையாகக் கேட்பார். ஆம் என்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும். நின்றவர்களுக்கு 'விலக்கு', அதாவது அப்பமும் ரசமும் கிடையாது. பிறகு ஒரு நாள் சபைக்கு முன்னால் மனம் வருந்தி அறிக்கை செய்தால் சேர்த்துக்கொள்வார்கள். குற்றம் செய்தவர் எழுந்திருக்காவிட்டால், உபதேசியாருக்குத் தெரிந்திருந்தால், அவர் சொல்லியாக வேண்டும். அதுவும் விதி.

என் அம்மா ஞானம்மாள் ஒரு முறையும் விலக்கப்பட்டதில்லை. அந்த ஒரு துண்டு அப்பத்தை அவள் உயிராக நினைத்தாள். ஐயர் வருகிறார் என்று தெரிந்தால் அந்த வாரம் முழுக்க யாரோடும் சண்டை போடமாட்டாள். ஐயர் இன்னும் அடிக்கடி வரலாம் என்று அப்பா சொல்வதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த அந்த வருஷம் ஐப்பசி பாதி கழிந்தும் ஒரு தூறல் இல்லை. விதைத்த பருத்தி எறும்புக்குப் போனது. மழைக்காகக் கோயிலில் ஒரு செபம் வையுங்கள் என்று சபையார் வந்து கேட்டார்கள். சிறப்பு ஆராதனைக்கு ஐயரின் அனுமதி வேண்டும் என்றார் அப்பா. அருப்புக்கோட்டைக்குப் போன வண்டிக்காரரிடம் சொல்லியும் அனுப்பினார். பதில் வரவில்லை. தினமும் யாராவது வந்து கேட்க, தினமும் அப்பா, "அனுமதி வரட்டும்" என்றார்.

அனுமதிக்கு முன்னால் பக்கத்து வீட்டுக் காளியம்மாள் பானையோடு வந்துவிட்டாள். அவளும் அம்மாவும் வேறு வேறு சாமியைக் கும்பிட்டாலும் ஒருவருக்கொருவர் மதினி.

"என்ன மதினி, கஞ்சி ஊத்துவீகளா, இல்ல ஒங்க சாமி கோவிச்சுக்கிருவாரா?"

அம்மா ஊற்றினாள். கேட்டவருக்குக் கஞ்சி ஊற்றுவதை எந்த விதியும் தடுக்கவில்லை. காளியம்மாள் நகரவில்லை.

"ஊத்துனாப் போதுமா? மழ பெஞ்சா ஒங்க கொல்லையிலயுந்தான பெய்யும்? வந்து ஒரு பாட்டம் அழுதுட்டுப் போங்க."

அம்மா கோயில் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அங்கே அப்பா பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் கிளம்பினாள். எங்கள் சபைப் பெண்கள் இன்னும் சிலர், உபதேசியார் பெண்டாட்டியே போகிறாள் என்ற தைரியத்தில் பின்னால் வந்தார்கள்.

கரையில் அம்மா கஞ்சி குடித்தாள். பிறகு அழுதாள். கோயிலில் பாட்டை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். அந்தத் தொண்டை ஒப்பாரிக்குத் திரும்பியபோது கண்மாயின் எதிர்க்கரையில் மேய்ந்த ஆடுகள் தலை தூக்கிப் பார்த்தன. சத்தம் பள்ளிக்கூடம் வரைக்கும் போயிருக்கிறது. அப்பா வாய்ப்பாட்டை இன்னும் உரக்கச் சொல்லிக் கொடுத்தாராம்.

இரண்டொரு நாளில் கிழக்கே மின்னி, மழை பிடித்துக்கொண்டது. கண்மாய் பாதி நிறைந்தது. ஊர் முழுக்க, உபதேசியார் பொஞ்சாதி தொண்டைக்குத்தான் மழை வந்தது என்று பேச்சு. வேறு யாருக்கானாலும் இது புகழ்; அப்பாவுக்கோ அம்மா மேல் சாட்சியம். தெருவில் காளியம்மாள் அவரை மறித்து, "அடுத்த வருசமும் மதினிய அனுப்பி வையுங்க, உபதேசியாரே" என்று வேறு சொல்லிவிட்டாள்.

மழை விட்டதும் ஐயர் வருகிற செய்தி வந்தது. ஆயத்த ஆராதனைக்கு முதல் நாள் அப்பா, அடுப்பைப் பார்த்தபடி, "இந்தா, நாளைக்கு ஐயரவுக கேப்பாக. நீயா எந்திரிப்பியா, நான் சொல்லணுமா?" என்றார்.

"நீங்க எதுக்குச் சொல்றீக? எனக்குக் காலு இருக்கு."

மறுநாள் ஐயர் கேட்டார். அம்மா எழுந்து நின்றாள். கூட வந்து அழுதவர்கள் எல்லாம் பாயின் கோரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அப்பாவின் காதுக்கு எட்டியது அம்மாவின் தொண்டை மட்டும்தான்; மற்றவர்கள் யார் யார் என்று அவருக்குத் தெரியாது.

"யாரைப் பாத்து அழுதீங்கம்மா?" என்றார் ஐயர்.

"நான் கும்புடுறது ஒருத்தரத்தான்யா. அழுத எடந்தான் வேற."

"கோயில்ல அழுதிருக்கலாமே."

"அழுதிருப்பேன். அனுமதி வரலன்னு ஒங்க உபதேசியாரு சொல்லிட்டாக."

பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழுந்து இருமலாக மாறியது. அப்பா கூரையைப் பார்த்தார். ஐயர் ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, பிறகு, விதிப்படி விலக்கு என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை. விலக்கப்பட்டவர்கள் இராப்போஜனத்துக்கு முன்னால் உபவாசம் இருக்க வேண்டியதில்லை என்று அப்பா விதியை எடுத்துச் சொன்னார். அம்மா பார்த்த பார்வையில் அவரும் சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கடைசிப் பாயில், சுவரை ஒட்டி உட்கார்ந்தாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. கல்யாண வீட்டில் பந்தியிலிருந்து எழுப்பிவிடப்பட்டவளைப் போல இருந்தது. ஐயர் அப்பத்தை ஆசீர்வதித்து எல்லோரையும் அழைத்தார். பக்கத்தில் அப்பத் துணுக்கு கீழே விழாமல் துணி பிடித்து நிற்க வேண்டிய அப்பா, துணியை மடித்து வைத்துவிட்டு, ஆண்கள் பக்கத்தைத் தாண்டி, பெண்கள் பக்கம் வந்து, அம்மாவுக்கு அருகே சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"என்னங்க இது, பொம்பளைக பக்கத்துல?" என்றாள் அம்மா, மெதுவாக. அம்மாவின் மெதுவும் கோயில் முழுக்கக் கேட்கும்.

"நானும் வெலக்குதான். ஊரு காஞ்சு கெடக்கையில அனுமதி அனுமதின்னு வாயக் கட்டிக்கிட்டு இருந்தேன். நீயாவது அழுத."

அதன்பின், முந்தின நாள் கோரையை ஆராய்ந்த பெண்கள் யாரும் அப்பம் வாங்க எழுந்திருக்கவில்லை. அவர்களுடைய புருஷன்மார்களும் எழுந்திருக்கவில்லை. காது கேளாத வேதமாணிக்கம் தாத்தா மட்டும் முன்னால் போய் முழங்காலிட்டுக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

ஐயர் தட்டோடு நின்றார். பிறகு தட்டை மேசைமேல் வைத்தார். "உபதேசியார் சொல்லி அனுப்பினது எனக்கு வந்து சேந்துச்சு. பதில் சொல்லணும்னு நெனச்சேன், மறந்துட்டேன். மழை பெஞ்ச பிறகுதான் ஞாபகம் வந்தது. நேத்தே சொல்லியிருக்கணும், வாய் வரலை" என்றார். சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தபடி முழங்காலிட்டு, பாவ அறிக்கையைத் தன் பெயரைச் சொல்லித் தொடங்கினார். சபை முழுவதும் மண்டியிட்டுக் கூடச் சொன்னது. அம்மாவும் சொன்னாள். சபைக்கு முன்னால் அறிக்கை செய்தாகிவிட்டது. ஆகவே அவளுடைய விலக்கு நீங்கிற்று. விலக்குக்கும் சேர்ப்புக்கும் நடுவே இத்தனை நாள் இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை என்பதை அப்பா அன்று மத்தியானமே சரிபார்த்துவிட்டார்.

ஒரு நடைமுறைச் சிக்கல் மட்டும் மிஞ்சியது. மற்றவர்களுக்கு மன்னிப்புச் சொல்ல ஐயர் இருக்கிறார்; ஐயருக்கு யார் சொல்வது? அவர் தலை குனிந்தபடியே இருந்தார். கடைசிப் பாயிலிருந்து அம்மாதான் சொன்னாள்.

"எந்திரிங்கய்யா. ஆண்டவரு மன்னிச்சிருப்பாரு. அப்பம் காயுது."

ஐயர் எழுந்தார். முதலில் அம்மாவுக்குத்தான் கொடுத்தார் என்று எழுத ஆசை; வேதமாணிக்கம் தாத்தா வழிவிடவில்லை.

இப்போது நான் டவுனில் இருக்கிறேன். சிமெண்டுக் கோயில், மின்விசிறி, மாதம் தவறாமல் இராப்போஜனம். ஆயத்த ஆராதனை என்றால் என்ன என்று கேட்கிற போதகர்கள் வந்துவிட்டார்கள். பாவ அறிக்கைக்கு முன்னால் நம்மை நாமே சோதித்துப் பார்க்க அரை நிமிட மௌனம் உண்டு. அதற்குள் ஒருவர் மைக்கைத் தட்டிச் சரிசெய்துவிடுகிறார். யாரும் எழுந்து நிற்பதில்லை. யாருக்கும் விலக்கு இல்லை. என் மீதும் இத்தனை வருஷத்தில் ஒரு குறையும் வந்ததில்லை. வரிசையில் போகிறேன், கையை நீட்டுகிறேன், வாங்கிக்கொள்கிறேன். அந்த அரை நிமிடத்தில் கணக்குப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஒன்றுதான் உறுத்துகிறது: என்னை விலக்கி வைக்கிற அளவுக்கு, பக்கத்து வீட்டாரோடு உட்கார்ந்து, ஊர் கேட்க, நான் ஆண்டவரிடம் எதற்காகவும் அழுததில்லை.