தேய்ந்த ரேகை

கைரேகை பதியாவிட்டால் கண்ணைப் பதிந்து பொருள் தரவேண்டும் என்பது ரேஷன் கடைக்கான விதி. நான் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்; அந்த விதியும் எனக்கு மனப்பாடம்.

வடக்கனந்தலில் ஒருநாள் எனக்கு முன்னால் நின்ற ஆரோக்கியமேரியின் விரலை இயந்திரம் ஐந்து முறை மறுத்தது. ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிக்கிழங்குத் தோல் சீவித் தேய்ந்த விரல். "அடுத்த மாசம் வாம்மா" என்றார் விற்பனையாளர்.

விதியைச் சொல்லியிருக்கலாம். நான் பாடம் நடத்தினேன்.

"பயப்படாதம்மா. தோலுக்கு அடியில செல்லுங்க பிரிஞ்சு பிரிஞ்சு பெருகும். மேல வர்றதுங்க கெட்டியாகி, உடம்பைக் காக்குற வேலையை மட்டும் செஞ்சிட்டு உதிர்ந்துடும். ஒரு மாசம் கைக்கு ஓய்வு குடும்மா, ரேகை தானா வந்துடும்."

"ஓய்வா? அதுவரிக்கும் இன்னா சார் துன்றது? அந்த அரிசிக்குத்தான நின்னுக்கினு கீறேன்!"

வரிசையே சிரித்தது. நான் வாய் திறப்பதற்குள் அவர் காலிப் பையை மடித்துக்கொண்டு போய்விட்டார். வெட்கத்தோடு வீட்டுக்கு வந்து, விதியை மேற்கோள் காட்டி அவருக்காக மனு எழுதினேன்.

மழைக்காலத்தில் ஆலை மூடியது. வேலையின்றி அவர் அரைப் பட்டினி கிடந்த அந்த மாதத்தில் ரேகை திரும்பியது, அரிசியும் கிடைத்தது. நான் சொன்ன பாடம் சரிதான். அது சரியானதை நினைத்தால்தான் இன்றும் கூசுகிறது.

கண்ணைப் பதிய அனுமதித்து என் மனுவுக்குப் பதில் வந்தது, அதற்கும் பிறகு, அடுத்த ஆண்டு ஆவணி பத்தாம் தேதி.