எர்வினின் நாலாவது கழுத்து

எர்வின் பிளாசெக் கோழிக்குஞ்சு பொரிக்கும் நிலையத்தில் வேலை பார்த்தார். நாள் முழுக்க முட்டைகளைத் திருப்பித் திருப்பி வைத்ததாலோ என்னவோ, சத்தமாகப் பேசினால் ஏதாவது உடைந்துவிடும் என்பதுபோல மெல்லத்தான் பேசுவார். ஆள் ஒல்லி. எங்கள் ஸ்வெட்லா ஊரில் அவர் மனைவி அல்பீனாவுக்குத்தான் உரத்த குரல். வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாசேஜும் உருளைக்கிழங்கும் தின்றபிறகு, ஊர் மொத்தமும் மரத்தாலான நடன மண்டபத்தில் கூடும். டெக்ஸஸில் எங்களைப் போன்ற செக் ஊர்கள் எல்லாவற்றிலும் அதுதான் வழக்கம். போல்கா, வால்ட்ஸ், நடுவில் கௌபாய் பாட்டும் உண்டு. எங்கள் குழுவில் நான் அக்கார்டியன். ஒரு வயலின், ஒரு டிரம்ஸ். எர்வின் ஸ்டீல் கிட்டார். அல்பீனாவின் அண்ணன் லாம்பர்ட் பேஸ் வாசிப்பார், ஆள் உயரத்துக்கு நிற்கும், அடிச்சுரம் தரும் பெரிய மரத் தந்திவாத்தியம். லாம்பர்ட் அதைவிட அகலம்.

ஸ்டீல் கிட்டாரைப் படுக்கவைத்துத்தான் வாசிக்க வேண்டும். வலது கை கம்பியைச் சுண்டும், இடது கையில் இரும்புத் துண்டு. அதைக் கம்பிகள் மேல் நழுவவிட்டால் சுரம் வழுக்கிக்கொண்டு போகும். கம்பி பூட்டிய நீளப் பலகைதான் கழுத்து; ஒரு கழுத்தில் ஒரு சுருதிதான் கூட்டிவைக்க முடியும் என்பதால் இரண்டு கழுத்து, மூன்று கழுத்து வைத்த கிட்டார்கள் உண்டு. எர்வினுடையது நாலு கழுத்து. இரும்புக் கால்களில், படிக்கட்டு மாதிரி ஒன்றை அடுத்து ஒன்றாக. தலையே கிடையாது, கழுத்து மட்டும் நாலு என்று ஊரில் கேலி செய்வார்கள். அதன் பின்னால் எர்வின் உட்கார்ந்தால் மூக்குக்கு மேலேதான் தெரியும். அதற்காகவே வாங்கினார் என்பது என் அபிப்பிராயம்.

மூன்று கழுத்துக்கு வேலை இருந்தது. நாலாவது, கூட்டத்தின் பக்கம் இருந்த கடைசிக் கழுத்து, சும்மா கிடந்தது. அதன்மேல் காப்பியும் கொடிமுந்திரி வைத்த கொலாச்சே பன்னும் வைத்துக்கொள்வார்.

"மேசை வேணும்னா மேசை வாங்கிருக்கலாமேப்பா" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"மேசையில கம்பி இருக்காதே வ்லாஸ்டா" என்றார், வெகு பொறுமையாக.

அந்தக் கழுத்துக்கு வேலை வந்தது லாம்பர்ட் வாங்கிய காரால். பழைய டிரக்கைக் கொடுத்துவிட்டு, யாருமே எதிர்பாராதபடி, ஒரு சின்னஞ்சிறு வெளிநாட்டுக் கார் எடுத்துக்கொண்டு வந்தார். அதில் ஒன்று லாம்பர்ட் ஏறலாம், அல்லது பேஸ் ஏறலாம். இரண்டும் ஏறாது. பேஸுக்கு கார் ஓட்டத் தெரியாது. ஆகவே அதைக் கூரைமேல் கட்டிக்கொண்டு வருவார். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை இறங்கி, இருக்கிறதா என்று பார்ப்பார். மழை வந்தால் மரத்தடி தேடுவார். இப்படி ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் பாதி நடனத்தை முடித்தபிறகுதான் வாசலில் அவர் மூச்சு கேட்கும்.

பேஸ் இல்லாமல் போல்கா ஆடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு படி இறங்குவது போல. ஜனங்கள் ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். மிதிபட்டவர்கள் எங்களை முறைத்தார்கள்.

எர்வின் பள்ளிக்கூடத்தின் பின்னால் மழையில் கிடந்த உடைந்த பியானோவை ஃபாதரிடம் கேட்டு, அதிலிருந்து தடித்த கம்பிகளை உருவிக்கொண்டு வந்தார். நாலாவது கழுத்தில் அவற்றைப் பூட்டினார். வீட்டில் முதல் தடவை மீட்டியபோது அல்பீனா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "என்ன மனுஷன் நீ! வயிறு சரியில்லன்னா சொல்ல வேண்டியதுதானே!" என்றாளாம்.

அடுத்த ஞாயிறும் லாம்பர்ட் வழக்கம்போல நேரத்துக்கு வரவில்லை. எர்வின் காப்பியைத் தரையில் இறக்கி வைத்தார். முதல் வால்ட்ஸ் தொடங்கியது. நாலாவது கழுத்தில் இரும்புத் துண்டை வைத்து, ஆகத் தடித்த கம்பியைச் சுண்டி, மெதுவாக மேலே இழுத்தார்.

அந்த மாதிரி ஒரு சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அது காதில் விழவில்லை, முழங்காலில் விழுந்தது. சுவர் ஆணிகள் நடுங்கின. பீர் கோப்பைகள் மேசைமேல் தாமாக நகர்ந்தன. ஆனால் ஜனங்கள் சேர்ந்தாற்போல் காலெடுத்து வைத்தார்கள், ஒருவரும் ஒருவரை மிதிக்கவில்லை.

அப்போதுதான் வெளியிலிருந்து பதில் வந்தது. மண்டபத்தை ஒட்டிப் பண்ணைக்காரர் கோசியானின் மேய்ச்சல் நிலம். அதில் அவருடைய காளை; செனட்டர் என்று பெயர், எந்நேரமும் மெல்லும், எதையும் செய்யாது. அது வேலியோரம் வந்து, எர்வின் எந்தச் சுரத்தில் நிறுத்தினாரோ அதே சுரத்தில், "ம்ம்ம்மோ" என்றது. கூட்டம் கைதட்டியது. எர்வின் காது சிவந்து இன்னொரு முறை இழுத்தார். காளை இன்னொரு முறை சொன்னது.

அந்த நேரம் பார்த்து லாம்பர்ட் பேஸைத் தழுவிக்கொண்டு வாசலில் நின்றார். பார்த்தார், கேட்டார், முகம் பீட்ரூட் ஆனது.

"மாப்ளே, என்ன இது?"

"ஒண்ணுமில்ல மச்சான். நீ வர்ற வரைக்கும் சும்மா..."

"சும்மாவா? மாடு எந்திரிச்சு பாடுது, சும்மாங்கிற! என் தங்கச்சியக் குடுத்தேன், இப்ப என் வேலையும் வேணுமா உனக்கு? அதுவும் ஒரு மேசைக் காலை வச்சிக்கிட்டு!"

"மேசை இல்ல மச்சான், கழுத்து."

"உன் கழுத்த..." என்று ஆரம்பித்தார் லாம்பர்ட். ஃபாதர் பக்கத்தில் நின்றதால் அதோடு விட்டார்.

அதற்குப்பிறகு எர்வின் வீட்டு ஞாயிறு விருந்தில் இரண்டு பேரும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. "அல்பீனா, உன் புருஷன்கிட்ட உப்பு குடுக்கச் சொல்லு." "அல்பீனா, உப்பு உங்கண்ணன் கைக்கிட்டயே இருக்குன்னு சொல்லு." அவளும் சில வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒருநாள் உப்பை எடுத்து இரண்டு பேர் காப்பியிலும் போட்டுவிட்டு, பொரியல் சட்டியைக் கழுவப் போய்விட்டாள்.

கோசியான்தான் யோசனை சொன்னார். "செனட்டரே தீர்ப்பு சொல்லட்டும். இவரு வாசிக்கட்டும், அவரு வாசிக்கட்டும். யாருக்கு அது கத்துதோ அவருதான் பேஸு." காளைக்குப் புகழ் சேருவதில் அவருக்கு ஆசை.

அறுவடைத் திருவிழாவன்று பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். வெயிலுக்காக மண்டபத்தின் பெரிய கதவுகளைத் திறந்து வைத்திருந்தார்கள். ஜனங்கள் பார்க்க வசதியாகக் காளையை வாசலுக்கு நேரே ஒரு கம்பத்தில் கோசியான் கட்டினார். அந்தக் கம்பம் திருவிழா அறிவிப்புப் பலகைக்காக அன்று காலையில் நட்டது என்பதை அவர் கவனிக்கவில்லை.

முதலில் லாம்பர்ட். கண்ணை மூடி, பேஸைக் கட்டிக்கொண்டு, அவர் வாழ்க்கையிலேயே அழகாக வாசித்தார். செனட்டர் மென்றது. பிறகு எர்வின். பியானோக் கம்பி உறுமியது, சன்னல் கண்ணாடிகள் பல்லைக் கடித்தன. செனட்டர் மெல்லுவதை நிறுத்தியது. கம்பத்தோடு நடந்து மண்டபத்துக்குள் வந்தது.

பெண்கள் பெஞ்சின் மேல் ஏறினார்கள். ஆண்கள் பெண்களுக்குப் பின்னால் ஏறினார்கள். செனட்டர் யாரையும் பார்க்கவில்லை. எர்வினின் கிட்டாரைத் தாண்டி நேரே லாம்பர்ட்டிடம் போனது. பேஸை ஒருமுறை முகர்ந்தது, நாக்கால் ஒரு நக்கு நக்கியது, அதன் தோளில் தன் கழுத்தைச் சாய்த்துத் தேய்க்கத் தொடங்கியது.

"கோசியான்! இதக் கூப்பிடுய்யா!" பேஸுக்குப் பின்னால் நசுங்கிக்கொண்டே லாம்பர்ட் கத்தினார்.

"பயப்படாத லாம்பர்ட்! அதுக்குக் கழுத்து அரிப்பு! அசையாம நில்லு, சீக்கிரம் முடிச்சிரும்!"

அவர் பேஸை விடவில்லை. காளை இந்தப் பக்கம் சாய்ந்தால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம். பழக்கதோஷத்தில் டிரம்ஸ்காரர் மெல்ல வால்ட்ஸ் தட்டத் தொடங்கிவிட்டார். ஒரு சுற்று ஆடியபின் பேஸ் தேங்காய் மாதிரி இரண்டாகப் பிளந்தது. செனட்டர் திருப்தியாக மூச்சு விட்டு, வந்த வழியே வெளியே போனது. கடைசி வரை ஒரு சத்தமும் போடவில்லை.

தீர்ப்பு என்ன என்பதில் சண்டை. "என்னத் தேடித்தானே வந்துச்சு!" என்றார் லாம்பர்ட். "என் சத்தத்துக்குத்தான் எந்திரிச்சுது" என்றார் எர்வின். ஆனால் சொல்லும்போதே அவர் பார்வை தரையில் கிடந்த பேஸ் துண்டுகள் மேல் போனது. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, லாம்பர்ட் கையில் கொடுத்தார். லாம்பர்ட் அவற்றைக் கூரைமேல் கட்டவில்லை. முதல்முறையாகப் பேஸ் காருக்குள்ளேயே போனது.

அடுத்த ஞாயிறு லாம்பர்ட் விருந்துக்கும் வரவில்லை, நடனத்துக்கும் வரவில்லை. எர்வின் நாலாவது கழுத்தைத் தொட்டார், கையை எடுத்துவிட்டார். ஜனங்கள் மறுபடி மிதித்துக்கொண்டார்கள். அல்பீனா பெஞ்சிலிருந்து எழுந்து வெளியே போனாள். திரும்பி வந்தபோது, எங்கிருந்து பிடித்தாளோ, அண்ணனின் சட்டைக் காலர் அவள் கையில் இருந்தது. சட்டைக்குள் அண்ணனும் இருந்தார்.

ஒரு நாற்காலியை எடுத்துக் கிட்டாருக்கு முன்னால், எர்வினுக்கு எதிரே போட்டாள். "உக்காரு. இந்தக் கடைசிக் கழுத்து உனக்கு, அந்த மூணும் அவருக்கு."

"என் கை இடிபடும்" என்றார் எர்வின்.

"நான் தலைகீழா உக்காந்திருக்கேன், கம்பியெல்லாம் எனக்குத் திரும்பி இருக்கு!" என்றார் லாம்பர்ட்.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க. வ்லாஸ்டா, நீ ஆரம்பி."

நான் ஆரம்பித்தேன், வேறு என்ன செய்வது? லாம்பர்ட் முனகிக்கொண்டே இன்னொரு இரும்புத் துண்டை வலது கையில் எடுத்து, இடது கையால் கம்பியைச் சுண்டினார். சுண்டியவர் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார். லாம்பர்ட் பிறவியில் இடதுகைக்காரர். பள்ளியில் கன்னியாஸ்திரிகள் அடித்து வலதுகைக்கு மாற்றினார்கள். அத்தனை வருஷமாகப் பேஸையும் வராத கையால்தான் சுண்டிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கமிருந்து பார்த்தால் எல்லாம் அவருக்குச் சரியாக இருந்தது.

"மாப்ளே," என்றார் நேராக எர்வினைப் பார்த்து, "இது சுலபமா இருக்குடா!"

அதன்பிறகு அவர்கள் அப்படியேதான் வாசித்தார்கள், ஒரு கிட்டாருக்கு இரண்டு பேர், ஒரு தொட்டியில் இரண்டு குதிரை மாதிரி. முட்டிகள் இடிக்கும். "உன் தொப்பைய எடு மச்சான்" என்று பாட்டின் நடுவில் கேட்கும். ஒரே குறை, லாம்பர்ட்டின் முதுகுதான் கூட்டத்துக்குத் தெரியும். எங்கள் குழுவில் பாதியை அது மறைத்தது. இடம் வீணாகிறதே என்று அல்பீனா அவர் சட்டை முதுகில் குழுவின் பெயரைச் சிவப்பு நூலால் தைத்துவிட்டாள். ஓரத்தில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்ததால் கோழிக்குஞ்சு நிலையத்துக்கும் ஒரு விளம்பரம். எர்வினின் முதலாளிக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

வயதானபின் ஒரு குளிர்காலத்தில் லாம்பர்ட்டுக்கு மார்ச்சளி. சில வாரம் வரவில்லை. அந்த வாரங்களில் எர்வின் தன் மூன்று கழுத்திலேயே தப்புத் தப்பாக வாசித்தார். நாலாவது கழுத்துப் பக்கம் கையே போகவில்லை.

"நீயே அதையும் வாசிக்கலாமேப்பா, முன்ன வாசிச்சவன்தானே?" என்று கேட்டேன்.

கொஞ்சநேரம் இரும்புத் துண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அவன் மூஞ்சி எதிர்ல இல்லன்னா எங்க பாக்குறதுன்னே தெரியல வ்லாஸ்டா."

மனசு கேட்காமல், சூப் எடுத்துக்கொண்டு போய் இதை அப்படியே லாம்பர்ட்டிடம் சொன்னேன். அவர் போர்வைக்குள்ளிருந்து மூக்கை உறிஞ்சினார். கண் கலங்கியிருந்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அப்படியா சொன்னான்? சரி. அப்ப கிட்டார்ல பாதி எனக்குத்தான்னு அவன்கிட்ட சொல்லிடு. தொப்பைய எடுக்கச் சொல்ற வேலையெல்லாம் இனி வேணாம்."