குரலை வெட்டிய அக்கா

யாராவது நீளமாகப் பேச ஆரம்பித்தால் கேசட் அக்காவின் ஆள்காட்டி விரல் தானாக மேசையை ஒருமுறை அழுத்தும். முப்பது வருடங்களாக இப்படித்தான். சின்ன வயதில் ரேடியோவில் வரும் பாட்டுகளைப் பதிவு செய்வாள். அறிவிப்பாளர் வாயைத் திறந்த கணமே பதிவை நிறுத்தும் பாஸ் பட்டனை அமுக்கிவிடுவாள். அந்தப் பழக்கம் விரலை விட்டுப் போகவில்லை. "நான் பேசினாலும் விரல் அமுங்குது பாருங்க. கட்டின புருஷனையே கட் பண்றா," என்று பஸ் ஓட்டும் அவள் கணவர் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

பகலில் தையல் கடையில் வேலை. பெரும்பாலும் ஜிப் மாற்றுவது, பேன்ட்டின் கால் மடித்துத் தைப்பது. வீட்டில் ஒரு சுவர் முழுக்கச் செருப்புப் பெட்டிகள், அவற்றுக்குள் ஆயிரத்து இருநூறு கேசட். பழைய ரேடியோ நிகழ்ச்சிகளும், டிஜேக்கள் பாட்டோடு பாட்டைக் கோத்துச் செய்த மிக்ஸ்களும். ஒவ்வொன்றிலும் எண், தேதி, கொடுத்தவர் பெயர். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது, அரிசியில் கல் பொறுக்குவதுபோல நடுவில் வரும் பேச்சையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டுப் பாட்டை மட்டும் வைப்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒருநாள் கடைக்கு ஒரு பெண் வந்தாள். 'இடி' என்று பேர் வாங்கிய டிஜேயின் மனைவி. பாட்டுக்கு நடுவே அவர் போட்ட சத்தத்துக்காகவே அந்தப் பேர்.

"அக்கா, அவருக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆகி அஞ்சு வருஷமாச்சு. இப்ப குரலே கிடையாது. எங்க சின்னவளுக்கு நாலு வயசு. அப்பா பேசிக் கேட்டதே இல்ல. எங்ககிட்ட இருந்த கேசட்டு, பழைய போன் எல்லாம் வீட்டுக்குள்ள தண்ணி பூந்தப்ப போச்சு. உங்ககிட்ட அவரோட மிக்ஸ் ஆறும் இருக்காமே? அதுல அவர் கத்துவாரே, அது போதும்க்கா."

அக்காவின் கையில் ஊசி அப்படியே நின்றது. "இருக்கும்மா. தேடிப் பாக்கறேன்," என்றாள்.

தேட ஒன்றுமே இல்லை. யாரும் மேலே பதிவு செய்துவிடக் கூடாது என்று, கேசட்டின் விளிம்பில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளை இடியே ஒடித்துத்தான் கொடுத்திருந்தார். பேச்சை வெட்டிவிட்டுப் பாட்டை ஏற்றி முடித்ததும் மறுபடி பதிவாகும்படி அக்கா அந்தத் துளைகளில் செலோடேப் ஒட்டியிருந்தாள். புதுக் கேசட் எங்கும் கிடைக்காத காலம். ஆறிலும் பழையதன் மேலேயே ரேடியோப் பாட்டுகளைப் பதிவு செய்துகொண்டாள். 'போனால் பேச்சுதானே' என்று நினைத்தது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அதன்பிறகு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஒரு பேன்ட்டுக்கு ஜிப்பைத் தலைகீழாக வைத்துத் தைத்தாள். யாரிடமாவது வேறு பிரதி இருக்காதா என்று, அந்த மிக்ஸ்கள் ஓடிய ஜிம், ஒலிபெருக்கிக் கடை, சலூன் என்று கால் தேய அலைந்தாள்.

"காக்கா விரட்ட அந்த நாடாவைத் தக்காளிச் செடிமேல கட்டிட்டேனேக்கா," என்றார் சலூன்காரர். "காக்கா வரல. நீங்க வந்துட்டீங்க."

இடியின் மனைவி மூன்று முறை போன் செய்தாள். மூன்று முறையும் 'இன்னும் ரெண்டு நாள்' என்றாள் அக்கா.

"நெருப்புமேல நிக்கிற மாதிரி எத்தனை நாள் நிப்ப? போய்ச் சொல்லிடு," என்றார் கணவர்.

"வெறுங்கையோட எப்படிங்க போறது?"

தான் சுத்தம் செய்த பாட்டுகளையே மறுபடி கேட்டாள். பாட்டின் மேலேயே அவர் கத்திய இடங்களை மட்டும் அவளால் வெட்ட முடிந்திருக்கவில்லை. ஒரு 'ஏய்!', ஒரு 'கையத் தூக்கு', பாதிச் சிரிப்பு. எல்லாம் சேர்த்துப் பதினோரு விநாடி. அதை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனாள். வாழ்க்கையிலேயே அவள் நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான். ஒன்றையும் மறைக்கவில்லை.

"அழிச்சிட்டு, மூணு வாரமா தேடறேன்னு சொன்னீங்களா?" என்றாள் மனைவி.

இடி மகளின் சிலேட்டை இழுத்து எழுதிக் காட்டினார்: 'என் பேச்சு அவ்வளவு அறுவையா?' அவர் தோள்கள் மட்டும் குலுங்கின. வேறு யாரும் சிரிக்கவில்லை.

பதினோரு விநாடியும் ஓடியது. குழந்தை அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"யாரும்மா கத்தறாங்க?"

"அப்பாதான்டி."

குழந்தை அப்பாவின் வாயை உற்றுப் பார்த்தாள். "இல்ல," என்றாள்.

இடியின் மனைவி இப்போதும் அக்காவோடு பேசுவதில்லை. யார் யாருக்குக் கேசட் கொடுத்தோம் என்று இடி நினைவிலிருந்து எழுதி அனுப்பிய பட்டியலில் நாற்பத்து மூன்று பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா ஒவ்வொரு வீடாகப் போகிறாள். பத்தொன்பது வீடு முடிந்திருக்கிறது. இதுவரை ஒன்றும் கிடைக்கவில்லை.