பாலத்தடி வெளிச்சம்

முக்காலி என்ற பெயரை அவனுக்கு வைத்தது அவனுடைய அக்கா புருஷன். கேமராவை நிறுத்தும் மூன்று கால் ஸ்டாண்டைத் தோளில் சாத்திக்கொண்டுதான் அவன் எங்கும் போவான். நாளடைவில் ஸ்டூடியோ முதலாளி, டீக்கடைக்காரர், ஏன், கட்டிய மனைவிகூட கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

பகலில் அவனுக்கு ஸ்டூடியோவில் வேலை. பாஸ்போர்ட் படம், அடையாள அட்டைப் படம். "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க. காது ரெண்டும் தெரியணும். சிரிக்காதீங்க." காலையிலிருந்து கடை சாத்தும்வரை இதே பாட்டு. முகம் முகமாகப் பார்த்துச் சலித்தவனுக்கு இரவில் முகங்கள் இல்லாத ஊர் தேவைப்பட்டது. ஊர் அடங்கிய பிறகு ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

ஒரே படத்தில் அடங்காத இடத்தைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டுவதுதான் அவன் பித்து. கேமராவை ஓர் ஓரத்தில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, மறு ஓரம்வரை எடுப்பான். ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டின் மேல் சற்று ஏறி நிற்க வேண்டும். ஒவ்வொன்றையும் மூன்று விதமாக எடுக்க வேண்டும். முதலாவது இருட்டாக, அடுத்தது நடுத்தரமாக, கடைசியாக, கேமராவின் கண்ணை வெகுநேரம் திறந்தே வைத்து, இருக்கிற அரையும் குறையுமான வெளிச்சம் எல்லாம் உள்ளே சேரும்வரை. பிறகு வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒன்றாக இணைப்பான். அதை அவன் தைப்பது என்று சொல்வான். அக்காவுக்கு அது பெரிய வேடிக்கை. அவள் வீட்டிலிருந்தே பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவள்.

"நானும் தைக்கிறேன், நீயும் தைக்கிறே. நான் தைச்சதை நாலு பிள்ளைங்க போட்டுக்குதுங்க. நீ தைச்சதை என்னடா பண்றது, குளிருக்குப் போத்திக்கிறதா?"

மாமாதான் அவனுக்காகப் பேசுவார். அவர் நாளிதழ் ஆபீஸில் பிழை திருத்துபவர். இரவு வேலை. பேப்பர் அச்சுக்குப் போன பிறகு வெளியே வந்தால் ஊர் தூங்கிக்கொண்டிருக்கும், அவருக்குத் தூக்கம் வராது. முக்காலி எங்கே நிற்கிறான் என்று விசாரித்துக்கொண்டு அங்கே வந்துவிடுவார். தூறல் போட்டால் கேமராவுக்குக் குடை பிடிப்பார், தான் நனைவார்.

அப்படி ஒரு நிதான மனுஷன். சாலையில் தண்ணீர் தேங்கியிருந்தால் குடை நுனியால் ஆழம் பார்க்காமல் காலை வைக்க மாட்டார். டீக்கடைப் பலகையில் எழுத்துப்பிழை இருந்தால் திருத்திவிட்டுத்தான் டீயைக் கையில் வாங்குவார். முக்காலி தைத்த படத்தையும் அச்சுத்தாளைப் போலவே படிப்பார். ஒருமுறை பாலத்துக் கைப்பிடிக் கம்பி இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் மயிரிழை விலகியிருந்தது. வேறு யார் கண்ணுக்கும் படாதது.

"மாப்ளே, இங்க ஒரு ஒற்று விட்டுப்போச்சு பாரு" என்றார்.

பின்னால் நடந்ததற்கெல்லாம் காரணம் ஒரு பாலத்தடிப் படம். பாலத்துக்குக் கீழே சாலை வளைந்து திரும்பும் இடத்தில் வரிசையாக விளக்குக் கம்பங்கள் உண்டு, ஒன்றும் எரியாது. எரிந்ததை யார் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்றே தெரியாது. மழை விட்ட ஓர் இரவில் இருவரும் அங்கே போனார்கள். மாமாவுக்குச் செருப்பு ஒன்று சேற்றில் கழன்றுவிட்டது. குனிந்து கையால் துழாவித்தான் எடுத்தார்.

"கண்ணுக்குக் கையே தெரியலை. இந்த இருட்டுல என்னத்தைடா எடுக்கப்போறே?"

"இருட்டுதான் மாமா நமக்கு நல்லது. இருட்டுலதான் கேமரா நான் சொன்ன பேச்சைக் கேக்கும்."

கேமராவின் கண் திறந்திருந்த நேரத்தில் ஒரு லாரி வளைவில் திரும்பிப் போனது. அதன் விளக்கொளி ஈரச் சாலையைத் தடவிக்கொண்டு போயிற்று. தூரத்துக் கட்டடத்தின் மேல் இருந்த விளம்பரப் பலகையின் சிவப்பும், மேகத்தில் பட்டுத் திரும்பிய ஊரின் மங்கல் வெளிச்சமும் சிறுகச் சிறுகச் சேர்ந்தன. தைத்து முடித்தபோது சாலை பொன்னை உருக்கி ஊற்றியதுபோல் கிடந்தது. பாலத்தின் தூண்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன. தூண்களில் ஒட்டியிருந்த பழைய சுவரொட்டிகளைக்கூடப் படிக்கலாம்.

மாமா திரையை வெகுநேரம் பார்த்தார். "இது நாம போன இடமா? நான் செருப்பைத் தேடினேனே, அந்த இடமா?"

"அதே இடம்தான்."

"அடப்பாவி!" என்று அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

நகராட்சி ஊரின் அழகைக் காட்டும் படங்களுக்கு ஒரு போட்டி வைத்தது. முக்காலியின் படத்துக்கு முதல் பரிசு. படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூட்ட அரங்கில் மாட்டினார்கள். மேடையில் அவனிடம் மைக்கைக் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "நிறைய பேர் இதைக் கம்ப்யூட்டர் வேலைன்னு நினைக்கிறாங்க. வெளியிலிருந்து ஒரு சொட்டு வெளிச்சம்கூட நான் சேர்க்கலை. அங்க இருந்த வெளிச்சம்தான் எல்லாம்" என்றான். கைதட்டினார்கள். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமா பரிசுச் சான்றிதழில் இரண்டு பிழை கண்டுபிடித்தார்.

அடுத்த மழைக்காலத்தில் அதே வளைவில் குழாய் பதிக்கக் குழி தோண்டினார்கள். ஆளுயரத்துக்கு மேல் ஆழம். தோண்டியவர்கள் இரண்டு கல்லை ஓரத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள், விளக்கும் இல்லை, தடுப்பும் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்கு நடந்துவந்த மாமா அதில் விழுந்தார். விடியற்காலையில் பால் வண்டிக்காரர்தான் பார்த்தார். குழிக்குள் முழங்காலளவு தண்ணீர். குடை மட்டும் மேலே கரையில் கிடந்தது.

அக்கா அழுதது குறைவு. வந்தவர்கள் எல்லாரிடமும் ஒரே பேச்சுதான் பேசினாள். "பார்த்துத்தான் நடப்பாரு. பார்க்காம ஒரு அடி வைக்க மாட்டாரு."

பேப்பர் ஆபீஸ்காரர்கள் சேர்ந்து மனு எழுதிக் கொடுத்து விசாரணைக்கு ஏற்பாடு செய்தார்கள். நகராட்சியின் பதில் சுருக்கமாக இருந்தது. குழியருகே கற்கள் வைக்கப்பட்டிருந்தன, அந்த இடத்தில் போதிய வெளிச்சம் உண்டு, சான்றாக எங்கள் கூட்ட அரங்கிலேயே ஒரு படம் இருக்கிறது, எடுத்தவரே இறந்தவரின் மைத்துனர், வெளிச்சம் எதையும் சேர்க்கவில்லை என்று மேடையில் சொன்னவர்.

முக்காலிக்கு இடிவிழுந்தது போலாயிற்று. ஆனால் அடுத்த நிமிஷமே தைரியம் வந்துவிட்டது. படம் அவனுடையதுதானே, அது எப்படி எடுத்தது என்று அவனைவிடத் தெரிந்தவர் யார்? மூலப் படங்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. இருட்டாக எடுத்த துண்டுகளைக் காட்டினால் தீர்ந்தது.

விசாரணைக்கு முந்தின நாள் அக்கா வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. "நீ கம்ப்யூட்டரைக் கொண்டு போ, கொண்டு போகாம இரு. எனக்குத் தெரியாது. அங்க இருட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லு. அது போதும்."

"நான் பாத்துக்கிறேன்க்கா."

விசாரணை நடந்த அறையில் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கிக் கொண்டுவந்து இரண்டு நாற்காலிகளின் மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். நகராட்சிப் பொறியாளர் ஒரு பக்கம். பின்னால் பெஞ்சில் அக்கா. விசாரணை அதிகாரி வயதானவர், மெல்லிய குரல். கடுமையான ஆளாக இருப்பார் என்று பயந்து போனவனுக்கு அவரைப் பார்த்ததும் பாதிப் பயம் போய்விட்டது.

"உக்காருங்க தம்பி. எனக்கும் ஒரு காலத்துல இந்தக் கிறுக்கு உண்டு. இவ்வளவு நல்ல ராத்திரிப் படத்தை நான் பார்த்ததில்லை. எப்படி எடுத்தீங்க?"

இதுவரை யாரும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை. ஸ்டூடியோவில் முதலாளிக்கு அது வெட்டி வேலை. வீட்டில் மனைவிக்கு அது கரண்ட் செலவு. ஆசையாகக் கேட்ட ஒரே மனுஷன் செத்துப்போய்விட்டார். முக்காலி லேப்டாப்பைத் திறந்தான், விளக்க ஆரம்பித்தான். ஸ்டாண்டின் கால்களைச் சேற்றில் எப்படி ஊன்றினான், துண்டுக்குத் துண்டு எவ்வளவு ஏறி நிற்கும்படி விட்டான், லாரி வந்த நேரத்தை எப்படிப் பயன்படுத்திக்கொண்டான் என்று எல்லாம் சொன்னான். அதிகாரி நடுநடுவே தலையை ஆட்டினார். ஓரிரு இடத்தில் "சபாஷ்" என்றார்.

மூன்று விதமாக எடுத்த ஒரே துண்டைத் திரையில் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினான். ஒன்றில் ஏறக்குறைய ஒன்றுமே தெரியவில்லை. ஒன்றில் சாலை மங்கலாக. ஒன்றில் பட்டப்பகல்.

"அப்ப இந்த மூணுல எதுங்க நிஜம்?" என்று கேட்டார் அதிகாரி.

வேறு எவனாக இருந்தாலும் இருட்டுப் படத்தின் மேல் விரலை வைத்திருப்பான். அவன் யோசித்தான். நல்ல கேள்வி என்று அவனுக்குப் பட்டது.

"எதுவுமே முழு நிஜம்னு சொல்ல முடியாதுங்க. கண்ணு பார்க்கிறது வேற, கேமரா பார்க்கிறது வேற. நாம வைக்கிற அளவுதான் எல்லாம். இருட்டாக் காட்டணும்னா பட்டப்பகலைக்கூட இருட்டாக் காட்டலாம்."

"அப்ப இந்த இருட்டுப் படமும் நீங்க வச்ச அளவுதான்?"

"ஆமாங்க."

"வெளிச்சத்தை நீங்க வெளியிலிருந்து கொண்டுவரலை?"

"கொண்டுவரலைங்க. ஒரு டார்ச்சு கூட அடிக்கலை."

அதிகாரி எழுதிக்கொண்டார். பொறியாளர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அந்த நாற்காலி கிறீச்சிட்ட சத்தத்தில்தான் முக்காலிக்குத் தான் என்ன சொல்லியிருக்கிறோம் என்று உறைத்தது. திரும்பி அக்காவைப் பார்த்தான். அவள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், ஆனா அங்க இருட்டுதான் சார். விளக்கு எதுவும் எரியலை. மாமா செருப்பையே கையால துழாவித்தான்…"

"அதான் விளக்கமாச் சொல்லிட்டீங்களே தம்பி. நீங்க போகலாம்." குரல் அப்போதும் மென்மையாகவே இருந்தது.

படிக்கட்டில் அக்காவைப் பிடித்தான். "நான் பொய் சொல்லலைக்கா. கேட்டதுக்கு உள்ளதைச் சொன்னேன்."

"நீ பொய் சொன்னேன்னு யாரு சொன்னா?" அவள் நிற்காமல் இறங்கினாள். "அவ்வளவு நேரம் பேசினே. படத்தைப் பத்திச் சொன்னே, லாரியைப் பத்திச் சொன்னே. அவரைப் பத்திக் கடைசியில போற போக்குல ஒரு வரி."



அறிக்கை தபாலில் வந்தது. போதிய வெளிச்சம் இருந்தும் கவனகுறைவாக நடந்து சென்றதே மரணத்துக்குக் காரணம் என்று முடித்திருந்தார்கள். ‘கவனக்குறைவு’ என்பதில் ஒற்று விட்டுப்போயிருந்தது. முக்காலியின் மனைவி அதை உரக்கப் படித்தாள், அவளுக்குப் பிழை தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்தது. அன்று அவன் சாப்பிடவில்லை.

மேல்முறையீடு செய்யலாம் என்று பேப்பர் ஆபீஸ்காரர் ஒருவர் சொன்னார். முக்காலிக்கு ஒரு யோசனை வந்தது. கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படியே, கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல், அந்த வளைவை எடுத்துவிட வேண்டும். பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தி, இந்தப் படமும் கண்ணில் தெரிவதும் ஒன்றுதானா என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளலாம். மனைவியைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனான்.

பாலத்தடி வெள்ளை வெளேரென்று இருந்தது. அத்தனை கம்பத்திலும் புது விளக்கு. குழியை மூடித் தார் போட்டு, ஓரத்தில் கோடும் போட்டிருந்தார்கள். வண்டியை நிறுத்திவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான் ஒரு ஆட்டோக்காரன். "விளக்கா? போன வாரம்தான் போட்டாங்க. யாரோ பெரிய ஆளுங்க இந்தப் பக்கமா வராங்களாம்" என்றான்.

முக்காலி ஸ்டாண்டை விரிக்கவேயில்லை. "வா, போகலாம்" என்றாள் மனைவி.

படத்தையாவது திருப்பி வாங்கிவிடலாம் என்று நகராட்சிக்குப் போய்க் கேட்டான். சிப்பந்தி பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அது எங்க சொத்துல ஏறிடுச்சுங்க. நாற்காலி மேஜை மாதிரி. உடைஞ்சாத்தான் கழிக்க முடியும்" என்றார். கூட்ட அரங்கின் கதவு திறந்திருந்தது. படத்தைப் பழைய ஆணியிலேயே மாட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே யாரோ சாப்பாட்டுப் பையை வைத்திருந்தார்கள்.

இரவில் போவதை அவன் விடவில்லை என்று சொல்லித்தான் ஆக வேண்டும். கொஞ்ச நாள் விட்டான், பிறகு ஒருநாள் கால் தானாகப் போயிற்று. எடுப்பான், ஆனால் தைப்பதில்லை. துண்டுகள் கம்ப்யூட்டரில் குவிந்துகொண்டிருக்கின்றன.

வீட்டில் இருந்தபடி தைத்துக் குடும்பத்தை ஓட்ட அக்காவால் முடியவில்லை. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். அடையாள அட்டைக்கு இரண்டு படம் கேட்டிருந்தார்கள். ஒரு மாலை முக்காலி கவுண்டரில் யாருடைய படத்தையோ கத்தரித்துக்கொண்டிருந்தபோது கண்ணாடிக் கதவு வழியாக அவள் சாலையில் வருவதைப் பார்த்தான். கத்தரியை வைத்துவிட்டு எழுந்து, வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலைத் துணியால் துடைத்தான்.

அவள் சாலையைக் கடக்கவில்லை. எதிர்ப்பக்கத்து ஸ்டூடியோவின் படியேறினாள். அங்கே கூட்டம். உட்கார இடமில்லாமல் வாசலிலேயே நின்றாள், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முதுகை இந்தப் பக்கம் காட்டி. இங்கே யாருமே இல்லை.

"என்னடா வெறும் ஸ்டூலையே தொடச்சுக்கிட்டிருக்கே?" என்றார் முதலாளி.