பேஸ் கேட்கும் இடம்

பேஸ் கிதார்காரன் நன்றாக வாசித்தாலும் யாருக்கும் தெரியாது, வாசிக்காமல் சும்மா நின்றாலும் யாருக்கும் தெரியாது. தெரியப்படுத்த ஒரு ஸ்பீக்கர் பெட்டி வேண்டும், அந்தப் பெட்டியைத் தேடி அலைவதுதான் எங்கள் தொழிலில் முக்கால் பங்கு.

பகலில் நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். முகூர்த்த நாட்களில் சாயங்காலம் ஒரு மெல்லிசைக் குழுவில் பின்வரிசை. முன்வரிசையில் பாடுகிறவர்களுக்கு மைக் உண்டு, கைதட்டல் உண்டு, ஊருக்குப் போன பிறகும் பெயர் உண்டு. இது பின்வரிசைச் சகோதரர்களுக்காக எழுதியது. நான்கு தடித்த கம்பிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு, முன்பின் பார்த்திராத மண்டபத்தில், முன்பின் பார்த்திராத மைக்செட்காரரிடம் "அண்ணே, எனக்கு லைன் எங்க?" என்று கிதாரைச் சொருக ஒரு வயர் கேட்டு நின்றவர்களுக்கு மீதியை விளக்கத் தேவையில்லை. இருந்தாலும் விளக்குகிறேன். வாத்தியார் புத்தி.

புகை

எனக்கென்று ஓர் ஆம்ப்ளிஃபயர் இருந்தது. அரிசி மூட்டைக் கனம்; வண்டியில் ஏற்றும்போதெல்லாம் அதே அளவு பேச்சும் வாங்கித் தரும். பரவையில் ஒரு கல்யாண வரவேற்பில் பாதிப் பாட்டில் கரண்ட் போய் ஜெனரேட்டரைப் போட்டார்கள். ஜெனரேட்டர் விட்ட முதல் மூச்சை அது தாங்கவில்லை. பின்பக்கத்திலிருந்து மெல்லிய புகை எழுந்து மேடை வெளிச்சத்தில் அழகாகச் சுழன்றது. வீடியோக்காரர் அதை ஏற்பாடு செய்த புகை என்று நினைத்துக் கிட்டத்தில் வந்து படம் பிடித்தார்.

எங்கள் குழுவை நடத்துபவர் பாண்டியண்ணே. அவருக்கு ஒரு பழக்கம். கச்சேரி தொடங்கியதும் மேடையை விட்டு இறங்கி, மண்டபத்தின் நட்டநடுவில், வீடியோ கேமரா ஸ்டாண்டை ஒட்டி நின்று, கையைக் கட்டிக்கொண்டு கேட்பார். அன்றும் நின்றார். பேஸ் செத்து மூன்று பாட்டு ஆன பிறகுதான் அவருக்கு அது தெரிந்தது. தெரிந்ததும் கூடவே ஒரு யோசனையும் வந்தது. கீபோர்டு வாசிக்கும் ராபர்ட்டுக்கு இடது கை கொஞ்சம் சும்மாதான் இருக்கிறது. பேஸை அந்தக் கையில் கொடுத்துவிட்டால் வண்டியில் ஓர் இடம் மிச்சமாகும்; அதில் இன்னொரு பாடகியை ஏற்றிக்கொள்ளலாம்.

வகுப்பில் நான் நாள் முழுக்கப் பேசி ஒருவர் காலும் தாளம் போட்டதில்லை. மண்டபத்தில், நான் யாரென்றே தெரியாமல் பந்திக்குக் காத்திருப்பவர்கள் என் கம்பிக்குக் கால் ஆட்டுகிறார்கள். அந்தச் சந்தோஷத்துக்கு இருந்தது வண்டியில் அந்த ஓர் இடம்தான். ஊர் திரும்பும்போது பாண்டியண்ணே முன்சீட்டிலிருந்து திரும்பாமலே சொன்னார்: "கேக்காத சத்தத்துக்கு எதுக்கு வாத்தியாரே வண்டியில ஒரு சீட்டு? இந்த முகூர்த்த சீசன் முடியட்டும், பாப்போம்."

ஒன்றுக்கு இரண்டு

அன்று முதல் போகிற இடத்து மைக்செட்தான் கதி. அடுத்தது செக்கானூரணிப் பக்கம் ஒரு காதுகுத்து. மைக்செட்காரரிடம் மிச்சமிருந்த ஒரே லைன் அறிவிப்பாளருடையது. அதில் எக்கோ போட்டிருந்தது. எக்கோவைக் குறைக்கும் திருகு உடைந்திருந்தது. "அதைக் கழட்டிட்டா 'அன்பார்ந்த பெரியோர்களே' எடுபடாது சார்" என்றார் அவர். அவர் கவலை அவருக்கு.

எக்கோ உள்ள குரல் கம்பீரமாக இருக்கும். எக்கோ உள்ள பேஸ், படியில் உருளும் அண்டா. நான் ஒரு சுரம் வாசித்தால் அது போய்விட்டுத் திரும்பி வந்து அடுத்த சுரத்தின் மேல் உட்கார்ந்தது. தபலாக்காரர் எதைப் பின்பற்றுவது என்று தெரியாமல் என் வாயைப் பார்த்தார். நட்டநடுவில் பாண்டியண்ணே வானத்தைப் பார்த்தார். இரண்டாவது பாட்டு முடிந்ததும், மாலையும் கழுத்துமாக இருந்த தாய்மாமன் மேடையருகே வந்து, பொறுமையான குரலில் சொன்னார்: "தம்பி, ஒரு தடவை வாசிச்சாப் போதும். எங்களுக்கெல்லாம் காது நல்லாக் கேக்கும்."

சீர்வரிசை

திருப்பரங்குன்றத்தில் நான் உஷாராக இருந்தேன். நண்பரிடம் ஒரு சிறிய பெட்டி இரவல் வாங்கிப் போய், மேடைக்குக் கீழே இடம் பார்த்து வைத்தேன். கிடைத்த இடம் சீர்வரிசை மேசைக்குப் பக்கத்தில். எவர்சில்வர் குடம், அண்டா, தூக்குவாளி, குத்துவிளக்கு எல்லாம் ரோஜாப்பூ சுற்றி வரிசையாக இருந்தன.

காலிக் குடத்துக்கு அதற்கென்று ஒரு சுதி உண்டு. அந்தச் சுரத்தை வெளியில் யார் எழுப்பினாலும் அது உள்ளே சேர்ந்து முனகும். இதை வகுப்பில் நானே பலமுறை சொல்லியிருக்கிறேன், யாரும் நம்பியதில்லை. அன்று முதல் பாட்டின் ஆதார சுரமும் குடத்தின் சுதியும் ஒன்றாகப் போயின. குடம் முனகியது, மேலிருந்த மூடி கிணுகிணுத்தது. பெண்ணின் அத்தை பக்கவாட்டுப் படியேறி வந்து, "அந்தத் தடிக் கம்பிய மட்டும் வாசிக்காதீங்க தம்பி" என்றார்.

"குடத்துல பாதிக்கு அரிசி போடுங்கக்கா, அடங்கிரும்" என்றேன். சமையல்கட்டிலிருந்து அரிசி வந்தது. குடம் அடங்கியது. அடுத்த பாட்டில் தூக்குவாளி ஆரம்பித்தது. அதற்கும் அரிசி வந்தது. பிறகு அண்டா. அத்தைக்கு மூச்சு வாங்கியது. நான் என் சத்தத்தை அறவே குறைத்துக்கொண்டேன். தூரத்தில் பாண்டியண்ணே காதுக்குப் பின்னால் கையை வைத்துக் குனிந்து நிற்பதைப் பார்த்தேன். 'கேட்கவில்லை' என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. "பாத்திரம் ஆடினா ஆடட்டுமேக்கா, பாட்டுத்தானே" என்று கெஞ்சிப் பார்த்தேன். அத்தை குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இம்புட்டுக் கிணுகிணுத்தா, தகடு மெல்லிசுன்னு மாப்பிள்ளை வீட்டுல ஊரெல்லாம் பேசுவாங்க தம்பி."

நடுவில் கட்டிய துணி

அந்த முகூர்த்த சீசனின் கடைசிக் கச்சேரி ஒத்தக்கடையில், புதிதாகக் கட்டிய மண்டபத்தில். எங்களில் யாரும் அதன் வாசலைக்கூட மிதித்ததில்லை. பள்ளியில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு மத்தியானமே போனேன். ராபர்ட்டும் கூட வந்தான். நாங்கள் இருவரும் ஒரே சர்ச் கொயரில் வளர்ந்தவர்கள். தவிர, அவனுக்கும் இதில் அக்கறை இருந்தது. "உன் சீட்டு போச்சுன்னா என் இடது கை போச்சு மாப்ள. இப்பவே மூக்கு அரிச்சாச் சொறிய நேரமில்ல" என்றான்.

மைக்செட்காரர் பெயர் காசி. மேடையின் இரு பக்கமும் ஆளுயரப் பெட்டிகள் வைத்திருந்தார். எனக்கு எக்கோ இல்லாத தனி லைன் கொடுத்தார். எனக்குக் கண் கலங்கியது. என் கிதாரை ராபர்ட்டிடம் கொடுத்து, "தடிக் கம்பியத் தட்டிக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டு மண்டபத்தைச் சுற்றி நடந்தேன். இடது சுவரோரம் சத்தம் நெஞ்சில் இடித்தது. வலது சுவரோரமும் அப்படியே. நடுவில், கேமரா ஸ்டாண்டு நின்ற இடத்தில், ஒன்றுமே இல்லை. ராபர்ட்டின் விரல் அசைவதைப் பார்க்க முடிந்தது, கேட்க முடியவில்லை. காசியை ஒரு பெட்டியை அணைக்கச் சொன்னேன். நடுவில் சத்தம் வந்தது. இரண்டையும் போடச் சொன்னேன். போய்விட்டது.

அதாவது, ஒரு பெட்டிக்குள் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் இடம் மாறியிருந்தன. ஒரு பெட்டி காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கிறது. கயிறிழுக்கும் போட்டியில் இரண்டு பக்கமும் சமபலம் என்றால் நடுவில் கட்டிய துணி அசையாது. பாடுகிறவர்களின் மெல்லிய சத்தம் சுவரில் மோதி எப்படியோ தப்பி வந்துவிடும்; தடித்த பேஸ்தான் மாட்டிக்கொள்ளும். அந்தத் துணி இருக்கும் இடத்தில்தான் பாண்டியண்ணே வந்து நிற்பார்.

வயரை மாற்ற இரண்டு நிமிட வேலை. ஆனால் பெட்டிகளைச் சுற்றிப் பூ அலங்காரம் முடிந்திருந்தது. ஆம்ப்ளிஃபயர் பக்கம் மாற்றலாமே என்றால், அங்கே ஈயம் வைத்து ஒட்டியிருந்தது. ஈயத்தை உருக்கும் சூட்டுக்கோல் காசியின் வீட்டில் இருந்தது. ஒரு பெட்டியை அணைத்தே வைக்கலாமா என்றேன். பழுதான பெட்டியைக் கொண்டுவந்தான் என்று பேச்சு வரும் என்றார். காசி நியாயமானவர். மேடையோரம் அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் பேஸ் நன்றாகவே கேட்டது. கடைசியில் எனக்காக மனமிரங்கி ஒரு வழி சொன்னார்: "சாமந்தில கை வச்சா பூக்காரரு என்னைய உரிச்சிருவாரு சார். பொண்ணு மாப்பிள்ளை கிளம்பட்டும், பூவைப் பிரிச்சதும் மாத்தித் தாரேன், நாளைக்கு வந்து வாசிங்க."

பருத்திப்பால்

பெட்டியை நகர்த்த முடியாது. வயரைத் தொட முடியாது. அந்த மண்டபத்தில் நகர்த்தக்கூடிய பொருள் ஒன்றுதான் மிச்சமிருந்தது. அது பாண்டியண்ணே.

வலது சுவரோரம், மின்விசிறிக்குக் கீழே, ஒரு பெரியவர் பித்தளைப் பாத்திரத்தில் பருத்திப்பால் வைத்து ஊற்றிக்கொண்டிருந்தார். கருப்பட்டியும் சுக்குமாக மணம் பாதி மண்டபத்துக்கு வந்தது. அதன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டேன். முதல் பாட்டு முடிந்து, கேமராவை ஒட்டி நின்ற பாண்டியண்ணே மேடைப்பக்கம் வந்தபோது அவர் முகத்தில் அடுத்த முகூர்த்தத்துப் பாடகி தெரிந்தார். நான் குனிந்து, "அண்ணே, அந்தப் பக்கம் பருத்திப்பால் ஊத்துறாங்க. கூட்டத்தப் பாத்தா சீக்கிரம் தீந்துரும்போல" என்றேன். இரண்டும் உண்மை.

போனார். டம்ளர் சூடாக இருந்ததால் நின்று குடிக்க முடியவில்லை; உட்கார்ந்தார். இரண்டாவது பாட்டில் பல்லவிக்குள் நான் இறங்குகிற இடம் வந்தது. இறங்கினேன். பாண்டியண்ணே டம்ளரை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தி உள்ளே பார்த்தார். பாலின் மேல் படிந்த ஏடு வட்டம் வட்டமாக நடுங்கியிருக்க வேண்டும். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு ஒரு கையால் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அவர் கால் தாளம் போடத் தொடங்கியது. அந்த நாற்காலியை விட்டுக் கடைசிப் பாட்டு வரைக்கும் எழுந்திருக்கவில்லை. டம்ளர் மட்டும் மாறிக்கொண்டிருந்தது.

ராபர்ட் கீபோர்டு மறைவில் தன் இடது கையைத் தூக்கி எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி அசைத்தான். என் தோளிலிருந்து ஒரு முகூர்த்த காலத்துக் கனம் இறங்கியது. வயர் விஷயத்தைப் பாண்டியண்ணேயிடம் இன்றுவரை நான் விளக்கவில்லை. என் விளக்கம் இதுவரை யாருக்கும் நன்மை செய்ததில்லை. இப்போதெல்லாம் அவர் எந்த மண்டபத்திலும் நடுவில் நிற்பதில்லை. பந்திக் கதவையோ பால் பாத்திரத்தையோ ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். பேஸின் அருமை ஓரத்தில்தான் தெரியும் என்று மற்றக் குழுக்காரர்களுக்கும் பாடம் எடுக்கிறார். ஒத்தக்கடையில் அன்று வண்டிக் கதவைத் தானே திறந்து பிடித்துக்கொண்டு சொன்னார்: "இன்னைக்குத்தான் வாத்தியாரே உங்க கை வெளிய வந்திருக்கு. இம்புட்டு நாளும் இதை எங்க வச்சிருந்தீங்க? ஏறுங்க, உங்க சீட்டுல ஏறுங்க."

ஆகவே பின்வரிசைச் சகோதரர்களே, புது மண்டபத்தில் கால் வைத்ததும் லைன் எங்கே என்று கேட்பதற்கு முன்னால், பருத்திப்பால் எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.