கலர் சார்

“என்ன எழுதியிருக்குன்னு படிக்காதீங்க. என்ன கலர் எரியுது? அதை மட்டும் சொல்லுங்க.”

போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடியபடி, கலர் சார் மூன்றாம் மாடி நடைவழியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருப்பார். நான் துடைத்த தரை காய்வதற்குள் நாலு முறை மிதித்துவிடுவார். பேசி முடித்துத் தன் கால் தடத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொள்வார். “மன்னிச்சுக்குங்கக்கா. நான் போன்ல அந்தம்மா வீட்டுக்குள்ள நடந்துக்கிட்டிருந்தேன்” என்பார்.

எங்கள் அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. இப்போது பாதிப் பேருக்கு வீட்டிலேயே வேலை. வீட்டில் உட்கார்ந்தபடி அலுவலகத்துப் பொது அலமாரியைத் திறக்க வி.பி.என். என்று ஒரு தனி வழி உண்டாம். அலமாரி என்றால் மரத்தில் செய்தது அல்ல, கம்ப்யூட்டருக்குள் இருப்பது. திறக்கவில்லை என்றால் இவருக்குப் போன் வரும். திரையில் சிவப்பு எரிந்தால் வழி அடைப்பு, பெரும்பாலும் பாஸ்வேர்டு தப்பு; மஞ்சள் என்றால் பொறுத்திருக்க வேண்டும், பச்சை என்றால் வழி கிடைத்தாயிற்று. இந்த மூன்றை வைத்துக்கொண்டே முக்கால்வாசிப் பேரைக் கரையேற்றிவிடுவார். அதனால்தான் கலர் சார். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அவருக்கே கொஞ்ச நேரமாகும்.

கண்ணில் படாதவர்களோடு இப்படி மணிக்கணக்காகப் பேசுகிறாரே என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. விடிந்ததும் முதல் வேலையாகச் சாமி படத்துக்கு முன்னால் நானும் அதைத்தானே செய்கிறேன்! என்ன, அவருக்குப் பதில் உடனே வந்துவிடுகிறது.

பையில் எப்போதும் இரண்டு கைக்குட்டைகள் இருக்கும். முகத்துக்கு வெள்ளை, மெஷினுக்கு நீலம். அவசரத்தில் மாறிப்போகும் நாளில் நெற்றியில் கறுப்புக் கோட்டோடு திரிவார். எந்த மெஷினையும் கெட்டுப்போச்சு என்று சொல்லமாட்டார். “கோவிச்சுக்கிட்டிருக்கு, சமாதானம் பண்ணிடலாம்” என்பார்.

அவருடைய சமாதானம் பலிக்காத ஒரு வாரமும் வந்தது.

வரைபடப் பிரிவில் ஒரு பெண், ஏழு மாதக் கர்ப்பம். படுக்கையை விட்டு எழவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். “படுத்துக்கிட்டே வரைஞ்சு தரேன் சார்” என்று மேலாளரிடம் கெஞ்சினாள். அவரும் ஒரு வாரம் பார்க்கலாம் என்றார். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பம்பு அறை வரைபடத்தைத் திருத்தி அலமாரியில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அவள் இடத்துக்கு வேறு ஆள். அவளுக்கோ மூன்று நாளாகப் பச்சை எரிகிறது, அலமாரி திறக்கவில்லை. கலர் சார் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட வைத்தார், பாஸ்வேர்டை மாற்றினார். பச்சையும் போகவில்லை, அலமாரியும் அசையவில்லை. “பச்சையை நம்பிக் கெட்டேங்கக்கா” என்றார். அதற்குள் யாரோ அவளுடைய நாற்காலியில் பழைய ஃபைல்களை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மறுபடி கூப்பிட்டார். காது சுடுகிறது என்று ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது. எடுத்தவர் அவளுடைய மாமனார், ஓய்வு பெற்ற தபால்காரர்.

“என்ன கலருங்க ஐயா?”

“பச்சை. கீழே நம்பர் இருக்கு, படிக்கட்டுமா?”

“நம்பர் வேண்டாங்க.”

“அதெப்படி? அட்ரஸைப் படிக்காம நான் எதையும் கீழே வச்சதில்ல தம்பி.”

“மாமா, சார் சொல்றதைக் கேளுங்க மாமா!” பின்னால் அவள் குரல்.

“நீ அசையாமப் படும்மா. நூத்தித் தொண்ணூத்திரெண்டு, புள்ளி, நூத்தி அறுபத்தெட்டு, புள்ளி, ஒண்ணு…”

கலர் சார் நின்றுவிட்டார். பேச்சின் நடுவே அவர் நின்று நான் பார்த்ததே இல்லை. தன் அறைக்குள் ஓடிச் சுவரில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். அலமாரியின் எண்ணும் அப்படியேதான் தொடங்கியது.

“ஐயா! கம்ப்யூட்டர் கணக்குல உங்க வீட்டுத் தெருவுக்கும் எங்க ஆபீஸ் தெருவுக்கும் ஒரே நம்பர்! அந்த மெஷின் ஆபீஸ் அலமாரியை உங்க வீட்டுக்குள்ளயே தேடிக்கிட்டிருக்கு!”

“அப்ப எங்க மருமக போட்ட தபாலெல்லாம் மூணு நாளா எங்க வீட்டையே சுத்துதா? என் காலத்துல இப்படி நடந்திருந்தா என்னை வேலையை விட்டே அனுப்பியிருப்பாங்க!”

“என்னையும் அனுப்பலாங்க, தப்பே இல்ல. நம்பரை முதல்லயே கேட்டிருக்கணும்.”

வீட்டு இன்டர்நெட் பெட்டியின் எண்ணை மாற்றினால் போதுமாம். அதற்கான பாஸ்வேர்டு பெட்டியின் அடியில் ஒட்டியிருந்தது. பெரியவர் அதோடு நிற்காமல், பெட்டி செய்த கம்பெனியின் விலாசம்வரை படித்தார். அவள் படுத்தபடியே கம்ப்யூட்டரில் தட்டினாள்.

“அந்த ‘ஒண்ணு’ இருக்கிற இடத்துல வேற நம்பர் போடணும். எதைப் போடலாம்?” என்றார் கலர் சார்.

“முப்பத்தேழு போடுங்க” என்றார் பெரியவர். “அத்தனை வருஷம் பை சுமந்திருக்கேன்.”

பெட்டியை அணைத்து மறுபடி போட்டார்கள். நான் துடைப்பத்தைப் பிடித்தபடி, ஆண்டவனே, அந்தப் பிள்ளைக்குத் திறந்துவிடு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். பெரியவர் நிறங்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். சிவப்பு. மஞ்சள். மஞ்சளேதான். பச்சை.

“சார்! திறந்துடுச்சு சார்! பம்பு ரூம் இருக்கு, எல்லாமே இருக்கு!”

“எந்திரிக்காதேம்மா!”

“நான் எந்திரிக்கல மாமா, உள்ள இருக்கிறதுதான் குதிக்குது! சார், மூணு நாளா மனசுக்குள்ளயே வரைஞ்சு வச்சிருக்கேன், இந்தா வருது பாருங்க!”

நாலு மணி நாற்பதுக்கு வரைபடம் வந்தது. மேலாளர் அதைத் தாளில் எடுத்து இரண்டு முறை பார்த்தார். “நல்லாயிருக்கு. திங்கட்கிழமை அடுத்ததை ஆரம்பிக்கச் சொல்லுங்க” என்றார்.

கலர் சார் வரைபடப் பிரிவுக்குப் போனார். அவளுடைய நாற்காலியில் இருந்த ஃபைல்களை ஒரே அணைப்பில் தூக்கித் தரையில் வைத்தார். துடைக்க நான் ஓடினேன், கையமர்த்தினார். பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, இருக்கையையும் இரண்டு கைப்பிடிகளையும் துடைத்து, நாற்காலியை மேஜைக்கு நேராகத் தள்ளி வைத்தார்.