இருதயராஜ் சொன்ன கோளாறு

விழுப்புரம் லாரிப் பட்டறையில் இருதயராஜின் வாய்க்கு இருந்த மரியாதை அவன் சாதிக்கு இல்லை. சேரியில் பிறந்தவன். எதிர் டீக்கடையில் அவனுக்குத் தனிக் குவளை. ஆனால் நின்றுபோன வண்டியைச் சுற்றி வந்து, காது வைத்துக் கேட்டு, "கோளாறு இதுதான்" என்று அவன் சொல்லிவிட்டால், பட்டறை முதலாளிகூட மறுபேச்சுப் பேசமாட்டார். அந்த ஒரு வார்த்தைதான் அவன் சொத்து. அதனால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே! வேறு எதை வைத்து அவன் தலை நிமிர்வது?

திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, எண்ணெய் மில் நடத்திவந்த கிருஷ்ணவேணியம்மாளுக்கு ஒரே பிள்ளை சீனுவாசன். தகப்பன் இல்லாத பிள்ளை என்று கேட்டதெல்லாம் கொடுத்து வளர்த்தாள். மெட்ராசுக்குப் படிக்கப் போனவன் படிப்பைத் தொலைத்துவிட்டு மோட்டார் பந்தயப் பைத்தியத்தோடு திரும்பி வந்தான். சோழவரத்தில், சண்டைக்காலத்தில் விமானம் இறங்கிய ஓடுதளத்தில், அப்போதெல்லாம் பந்தயம் விடுவார்கள். ஒரு பழைய காரை வாங்கிக் கூரையைப் பிய்த்து, பின்சீட்டைக் கழற்றி, இருதயராஜிடம் கொண்டுவந்து நிறுத்தினான் சீனுவாசன். அதைப் பறக்க வைத்தவன் இருதயராஜ்தான். முதல் வருசம் மூன்றாவதாக வந்தது. சும்மா சொல்லக்கூடாது, ஓட்டுவதில் பையனுக்கும் கை சுத்தம்.

அடுத்த வருசப் பந்தயம் நெருங்கும்போது வண்டி சுணங்கிவிட்டது.

"எழுபதைத் தாண்டமாட்டேங்குது இருதயம். எவ்ளோ மிதிச்சாலும் கழுத்தைப் புடிச்சி இழுக்கிற மாதிரியே இருக்குது" என்றான் சீனுவாசன்.

இருதயராஜ் எஞ்சினில் காதை வைத்தான். "வால்வுதான். வேற ஒண்ணும் கிடையாது."

வால்வைக் கழற்றித் தேய்த்துப் பூட்டினான். வண்டி அப்படியேதான் போனது. பிளக்கை மாற்றினான். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினான். ஊஹும். கூட வேலை செய்த முருகையன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "இன்னா இருதயம், குறி தப்பிப்போச்சா?" என்று சிரித்தான். பட்டறையே சிரித்தது. முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. பந்தய வண்டிக்கு வேறு மெக்கானிக்கைப் புதுச்சேரியிலிருந்து கூப்பிடலாமா என்று சீனுவாசனிடம் கேட்டார். இருதயராஜின் காதுபடத்தான் கேட்டார். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவனே வண்டியை எடுத்தான். பக்கத்தில் சீனுவாசன். திண்டிவனம் ரோட்டில் விக்கிரவாண்டி தாண்டி ஓர் இறக்கம் வரும். மாட்டுவண்டிக்காரன்கூட அங்கே தூங்கிக்கொண்டே போவான். அந்த இறக்கத்தில் நியூட்ரலுக்குத் தள்ளிப் பார்த்தான். கார் கொஞ்ச தூரம் போய், இறக்கத்திலேயே நின்றுவிட்டது! இறங்கிச் சக்கரத்தின் நடுவில் கையை வைத்தான். பொசுக்கிவிட்டது. நாலு சக்கரமும் அப்படித்தான்.

"அட எழவே! எஞ்சினுக்கு ஒண்ணுமில்லீங்க. பிரேக்குதான் புடிச்சிக்கினு விடமாட்டேங்குது."

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தோமே என்று தலையில் அடித்துக்கொண்டான். பிரேக் ஆயில் டப்பியைத் திறந்து மோந்தான். விளக்கெண்ணெய் வாசம் அடிக்க வேண்டிய இடத்தில் செக்குமேட்டு வாசம் அடித்தது.

"இதுல இன்னாங்க ஊத்துனீங்க?"

"நம்ம மில்லு எண்ணெய்தான்" என்றான் சீனுவாசன் பெருமையாக. "ஆயில் கொறைஞ்சிருந்தது. பிரேக் ஆயிலும் வெளக்கெண்ணெய் வாசந்தானே அடிக்குது? எண்ணெய்க்கு எண்ணெய் இன்னா பெரிய வித்தியாசம்! வண்டிக்கு வேணும்னு கேட்டேன். அம்மாவே புதுசா ஆட்டுனதுல ஒரு சொம்பு மொண்டு குடுத்தாங்க."

எண்ணெயிலேயே பிறந்து எண்ணெயிலேயே வளர்ந்த வீடு. வேறு எவனுக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது.

"கெடுத்தீங்களே! உள்ள இருக்கிற ரப்பரெல்லாம் இந்த எண்ணெயில ஊறிப் பெருத்துப் போச்சுங்க. அதான் மிதிச்சா திரும்பமாட்டேங்குது. இன்னைக்குப் புடிச்சிக்கினு விடாது. நாளைக்குக் கிழிஞ்சா புடிக்கவே புடிக்காது. அத்தனையும் புதுசா மாத்தணும்."

"பந்தயத்தை இந்த ஞாயித்துக்கெழமை வெச்சிக்கினு இப்ப சொல்றியே! மெட்ராசுல மாத்திக்கிறேன். போய்ச் சேர்றதுக்கு லூசாக்கிக் குடு."

"மாத்தாம மைதானத்துல எறங்கமாட்டேன்னு சொல்லுங்க."

"எங்கம்மா மேல சத்தியமா."

ரோட்டோரத்திலேயே பிரேக் கட்டைகளைத் தளர்த்திக் கொடுத்தான். திரும்பும்போது சீனுவாசன் ஓட்டினான். வண்டி பிய்த்துக்கொண்டு போயிற்று. புளியமரங்கள் சரசரவென்று பின்னால் ஓடின. பையன் முகத்தைப் பார்த்தபோதே, இவன் எங்கே மாற்றப்போகிறான் என்று இருதயராஜுக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் சொன்ன கோளாறு பலித்துவிட்ட சந்தோஷம் அவனுக்கு. பட்டறையில் இறங்கியதும் முருகையனைத்தான் தேடினான்.

ஞாயிற்றுக்கிழமை ஓடுதளத்துக் கோடியில் வளைவு வந்தது. சீனுவாசன் மிதித்தான். வண்டி நிற்கவில்லை.

திங்கட்கிழமை அவனை மில் வாசலில் கிடத்தியிருந்தார்கள். இருதயராஜ் விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறிப் போனான். கிருஷ்ணவேணியம்மாள் அழவில்லை. சுவரில் சாய்ந்து தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்கள் மாரடித்துக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. இவனைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"இருதயம், நீ சொன்னா சரியா இருக்கும்னு எம்புள்ள சொல்லிக்கினே இருப்பான். நீயே சொல்லு. நான் மொண்டு குடுத்த எண்ணெயை வண்டியில ஊத்துனானாமே, மில்லு ஆளுங்க பேசிக்கிறாங்க. அதுவா எம்புள்ளையை அடிச்சிது?"

மாரடித்த கைகள் நின்றன. மில் ஆட்கள், அம்மாளின் தம்பிமார்கள், திண்டிவனத்துப் பெரிய மனுசர்கள் எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள். மாற்றாமல் ஓட்டாதே என்று சொன்னதற்குச் சாட்சி ஒருவன்தான். அவனும் பாடையில் கிடந்தான். உண்மையைச் சொன்னால் இருதயராஜ் தப்பித்தான். நாக்கு நுனிவரை வந்தது. அவள் கைகளைப் பார்த்தான்.

"இல்லம்மா. எண்ணெய்க்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. பிரேக்கை லூசாக்குனது நான்தான். என் கைத் தப்பு."

"பாவி! படுபாவி!" மண்ணை வாரி அவன் மேல் தூற்றினாள். "நீ வெளங்குவியா? உன் கையில புழு வெக்காதா?" அப்புறந்தான் அவளுக்கு அழுகை வந்தது. பிள்ளைமேல் விழுந்து புரண்டு அழுதாள். தம்பிமார்கள் இருதயராஜை ரோடுவரை அடித்துக்கொண்டே வந்தார்கள். அவன் கை ஓங்கவில்லை.

பட்டறை முதலாளி அவனை உள்ளே விடவில்லை. சாமான் பையை முருகையன்தான் வெளியே கொண்டுவந்து கொடுத்தான். அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, இதுதான். அதற்கப்புறம் இந்த இரண்டு ஊரிலும் இருதயராஜ் தொட எவனும் வண்டி கொடுக்கவில்லை. அவன் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டித்தான் மிச்ச காலத்தைத் தள்ளினான்.

அடிபட்டு வந்த அன்றைக்கு வீட்டில் அவன் பெண்டாட்டி அம்சவள்ளி காயத்துக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள். எல்லாவற்றையும் அவளிடம் மட்டும் சொன்னான். கேட்டு முடித்ததும் அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"ஏன்யா, நெசத்தைச் சொல்லியிருந்தா இன்னா? உன் வாயில யாரு மண்ணு போட்டது?"

"அந்தம்மா தெனம் அதே கையால எண்ணெயை மொண்டு சட்டி வெக்கணுமே, அம்சா. எப்படி வெப்பாங்க?"

அம்சவள்ளி மஞ்சள் கையோடு அவனையே பார்த்தாள்.

"அப்ப நம்ம வூட்ல எதை வெச்சுய்யா அடுப்பு மூட்டுறது?"